வி-கிராஸ் பின்பக்கம் 2 இன்ச் பிளாக்: யூ போல்ட், ஷாக், பிரேக் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

மலைப்பாதை (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2.5 லிட்டர் மேனுவல், நாலு சக்கர டிரைவ். முன்பக்கம் ஸ்ட்ரட்டின் மேலே 20 மில்லி ஸ்பேசர் போட்டதில் சக்கரத்தில் 40 மில்லி உயரம் ஏறியிருக்கிறது. இப்போது காலி வண்டியே முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கிறது. பின்னால் கேனப்பியும் (பின்தொட்டியை மூடும் கூடு) சாமானும் ஏறினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வால் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. எதிரே வருபவர்கள் ஹெட்லைட்டைக் குறைக்கச் சொல்லி சிக்னல் கொடுக்கிறார்கள்.

பின்பக்கம் பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) ஆக்சிலுக்கும் நடுவே 50 மில்லி பிளாக் (உயரம் கூட்டும் கட்டை) போட்டால் சரியாகிவிடுமா? பக்கத்து லேத்தில் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கட்டையில் அறுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். அலுமினியத்திலும் ரெடிமேடாகக் கிடைக்கிறது. எது நல்லது? பட்டையை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டின் நீளத்தை எப்படிக் கணக்கிடுவது? இருக்கிற ஷாக்கே போதுமா? பிளாக் போட்டால் கிளம்பும்போது அதிர்வு வரும் என்கிறார்களே, அது எதனால்? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பட்டைப் பட்டறை

பிளாக் உயரத்தைத்தான் கொடுக்கும், பலத்தைக் கொடுக்காது. உங்கள் கேள்வியில் இரண்டும் கலந்து கிடப்பதால் முதலில் அளவெடுங்கள்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கர ஹப்பின் நடு மையத்திலிருந்து மட்கார்டு வளைவின் கீழ் விளிம்பு வரை நேர்செங்குத்தாக அளவெடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். காலியாக ஒரு முறை, வழக்கமான சுமையோடு ஒரு முறை, இரண்டு பக்கமும் எடுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் வண்டியை நாலடி முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை இரண்டு தடவை அமுக்கி விடுங்கள். பட்டைகளுக்கு நடுவே இருக்கும் உராய்வு முதல் அளவை எப்போதும் ஏமாற்றும்.

இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் இறக்கம். 200 கிலோ ஏற்றி 60 மில்லி இறங்கினால், பிளாக் போட்ட பிறகும் அதே 200 கிலோவுக்கு அதே 60 மில்லி இறங்கும். தொடங்கும் இடம்தான் 50 மில்லி மேலே போயிருக்கும்.

பட்டையையும் பாருங்கள். காலி வண்டியில் மெயின் பட்டைக்கு வில் போன்ற வளைவு இருக்க வேண்டும். காலியிலேயே நேர்கோடாகக் கிடந்தாலோ, சுமையில் எதிர்ப்பக்கம் வளைந்தாலோ பட்டை சோர்ந்துவிட்டது என்று பொருள். சோர்ந்த பட்டைக்குக் கீழே பிளாக் வைப்பது வேலைக்கு ஆகாது. பட்டைகளை நடுவே கோக்கும் சென்டர் போல்ட்டின் துளை ஓரமாக விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், பட்டை பெரும்பாலும் அங்கேதான் முறியும்.

இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டை ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருந்தால்தான் பிளாக் வண்டியைத் தூக்கும். பழைய ஜீப் வகைகளைப் போல ஆக்சிலுக்குக் கீழே பட்டை தொங்கும் அமைப்பில் அதே பிளாக் வண்டியை இறக்கிவிடும். வி-கிராஸில் பட்டை மேலேதான் இருக்கிறது, கவலையில்லை.

பிளாக்கின் பொருளைப் பற்றி. லேத்தில் நன்றாக முகம் சீவிய திட எம்.எஸ். கட்டையே என் முதல் தேர்வு. 50 மில்லி உயரம், 60 அகலம், 150 நீளம் என்றால் ஒன்று ஏறக்குறைய மூன்றரை கிலோ வரும். அதே அளவு அலுமினியம் ஒன்றேகால் கிலோதான். எடை வித்தியாசம் இங்கே பெரிய விஷயமில்லை. திட அலுமினியமும் சுமையைத் தாங்கும். பயப்பட வேண்டியது உள்ளே குடைந்து வார்த்த மலிவான அலுமினிய பிளாக்குக்கு. பாக்ஸ் பைப்பை வெட்டி இரண்டு பக்கமும் தகடு வெல்டு வைத்துக் கொடுப்பவர்களும் உண்டு, அதை வாங்கவே வாங்காதீர்கள். கணக்குப் போட்டால் காரணம் புரியும்: 12 மில்லி யூ போல்ட்டை 90 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் ஒரு கால் மட்டும் கிட்டத்தட்ட 3.8 டன் இழுவை கொடுக்கும். ஒரு பக்கத்துக்கு நான்கு கால் என்றால் 15 டன். அந்த அழுத்தத்தில் குழல் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும், அமுங்கிய அளவுக்கு போல்ட் தளரும்.

லேத்காரரிடம் கொடுக்கும்போது ஐந்து விஷயத்தைச் சொல்லுங்கள். மேல் முகமும் கீழ் முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அகலம் பட்டையின் அகலம். நீளம் ஆக்சில் மேடையின் (ஆக்சிலில் பட்டை உட்காரும் இடம்) நீளத்துக்குக் குறையக் கூடாது. கீழே நீட்டும் முளை (பின்) ஆக்சில் மேடைத் துளையில் ஆட்டமில்லாமல் இறங்க வேண்டும். மேலே குடையும் துளை சென்டர் போல்ட் தலையை ஆட்டமில்லாமல் வாங்க வேண்டும்.

அந்த மேல்துளையின் ஆழத்தில்தான் நிறைய வேலை கெட்டுப்போகிறது. போல்ட் தலையின் உயரம் 10 மில்லி, துளை 8 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டை பிளாக்கின் மேல் உட்காராது, போல்ட் தலைதான் பிளாக்கில் நிற்கும். நடுவே 2 மில்லி இடைவெளி. யூ போல்ட்டை இறுக்கும்போது கைக்கு வித்தியாசம் தெரியாது, ரெஞ்சும் சரியான இடத்தில் கிளிக் சொல்லும். ஓடும்போது 15 டன்னையும் அந்த ஒற்றைத் தலையே சுமக்கிறது. சில நூறு கிலோமீட்டரில் தலை நசுங்கும், யூ போல்ட் தளரும், பிறகு ஆக்சில் முன்னும் பின்னும் நகர்ந்து சென்டர் போல்ட்டை அறுத்துவிடும். அப்புறம் வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். துளையை எப்போதும் தலையைவிட 2, 3 மில்லி ஆழமாகவே குடையச் சொல்லுங்கள். முகங்களுக்குக் கெட்டியாகப் பெயின்ட் அடிக்க வேண்டாம், மெல்லிய பிரைமர் ஒரு கோட் போதும். கெட்டிப் பெயின்ட் நசுங்கி உதிர்ந்தாலும் போல்ட் தளரத்தான் செய்யும்.

யூ போல்ட். பழையதைத் திரும்பப் போடாதீர்கள், அது ஒருமுறை இழுபட்டு நீண்டது. புதியது நான்கு வாங்குங்கள். கம்பியின் விட்டம், மரை, இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள அகலம், வளைவு சதுரமா அரைவட்டமா, எல்லாம் பழையதைப் போலவே இருக்க வேண்டும். நீளத்தை வளைவின் உள்விளிம்பிலிருந்து கால் நுனி வரை அளந்து, பிளாக்கின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். நட்டு இறுகிய பிறகு குறைந்தது மூன்று மரை வெளியே தெரிய வேண்டும். 8.8 தர எஃகு, புதிய உயர நட்டு, கெட்டியான தட்டை வாஷர். பழைய யூ போல்ட்டில் துண்டு வெல்டு வைத்து நீட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

கிராஸ் ஜாயிண்ட்

மேலே சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மாற்றிச் சொல்வேன். கேனப்பி எப்போதும் வண்டியிலேயே இருக்கும் எடை. பட்டை நல்ல நிலையில் இருந்து, அந்த நிரந்தர எடைக்கு 20, 25 மில்லி இறங்கியிருந்தால் அதைப் பிளாக்கால் ஈடுகட்டுவதில் தப்பில்லை. ஏறி இறங்கும் சுமைக்குத்தான் பட்டை வேலை தேவை.

அதிர்வு பற்றிக் கேட்டீர்கள். வி-கிராஸில் பின் ஆக்சிலைச் சுழற்றும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவே சென்டர் பேரிங். வண்டியைத் தூக்கினால் பின்துண்டு முன்னைவிடச் செங்குத்தாகச் சாய்கிறது, ஷாஃப்ட்டை வளைந்து சுற்றவிடும் கிராஸ் ஜாயிண்ட்களில் கோணம் கூடுகிறது. கிராஸ் ஜாயிண்ட் கோணத்தோடு சுற்றும்போது ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். அடுத்த கிராஸ் அதே கோணத்தில் எதிராக நின்றால் அந்த ஏற்ற இறக்கம் ரத்தாகிவிடும். கோணங்கள் ஒத்துப்போகாவிட்டால் அது பாடியில் தடதடப்பாக வரும்.

அறிகுறியை வேகத்தை வைத்துப் பிரிக்கலாம். முதல், இரண்டாம் கியரில் சுமையோடு கிளம்பும்போது மட்டும் தடதடவென்று வந்து, 30, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் மறைந்துவிட்டால் சென்டர் பேரிங் பக்கத்துக் கோணம். 70க்கு மேல் தொடங்கி வேகத்தோடு கூடிக்கொண்டே போனால் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபரன்ஷியல் மூக்கு) கோணம் அல்லது ஷாஃப்ட் பேலன்ஸ்.

பிளாக் போடுவதற்கு முன்பே மூன்று கோணங்களைக் குறித்து வையுங்கள்: முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட், பினியன் முகம். காந்த அடி வைத்த டிஜிட்டல் கோணமானி நல்லது. வண்டி சக்கரங்களில் நிற்கும்போது எடுத்த அளவுதான் செல்லும், ஜாக்கியில் தொங்கவிட்டு எடுக்காதீர்கள். பிளாக் போட்ட பிறகு திரும்ப எடுத்தால் எது மாறியது என்று தெரிந்துவிடும். கிளம்பும்போது தடதடப்பு வந்தால் சென்டர் பேரிங் பிராக்கெட்டுக்கும் சேசிஸ் குறுக்குச்சட்டத்துக்கும் நடுவே 8 முதல் 12 மில்லி ஸ்பேசர் வைத்துப் பேரிங்கை இறக்குவதுதான் முதல் வைத்தியம். இரண்டு போல்ட்டும் அதே அளவு நீளமாக வேண்டும்.

சாய்வு பிளாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பினியன் மூக்கைத் தூக்க வேண்டுமானால் பிளாக்கின் மெல்லிய முனை வண்டியின் முன்பக்கம் வர வேண்டும். திருப்பிப் போட்டால் மூக்கு கீழே போய் அதிர்வு இரட்டிப்பாகும். அளவெடுக்காமல் சாய்வு பிளாக் வாங்க வேண்டாம், 50 மில்லிக்கு நேர் பிளாக்கிலேயே பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பினியன் நிற்கும்போது ஒன்றிரண்டு டிகிரி தாழ்வாக இருப்பது நல்லதுதான், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அதுவே மேலே எழும்பும்.

எழும்புவதும் ஓர் அளவுக்குள் இருக்க வேண்டும். எஞ்சினின் 320 நியூட்டன் மீட்டரை முதல் கியரும் லோ ரேஞ்சும் டிஃபரன்ஷியலின் கிரவுன் பல்சக்கரமும் பெருக்கிய பிறகு ஆக்சிலுக்கு வருவது பல ஆயிரம். சக்கரம் முன்னே சுற்றினால் ஆக்சில் கூடு பின்னே சுற்றப் பார்க்கிறது, அதைப் பிடித்து நிறுத்துவது பட்டை மட்டும்தான். பிளாக் போட்டதும் பட்டைக்கும் ஆக்சில் மையத்துக்கும் உள்ள தூரம் 50 மில்லி கூடுகிறது. பிரேக் போடும்போதும் ஏறும்போதும் சக்கரம் தரையைப் பிடித்து இழுக்கும் விசைக்கு அந்த அளவு நெம்புகோல் நீண்டுவிட்டது. பட்டை எஸ் எழுத்து மாதிரி முறுக்கிக்கொள்ளும், விட்டதும் படக்கென்று திரும்பும், சக்கரம் குதிக்கும். மேட்டில் கல் மேல் ஏறும்போது பின்னாலிருந்து டொக் டொக் என்று அடித்தால் அதுதான். 50 மில்லிக்கு மேல் பிளாக்கில் போகாதீர்கள், பிளாக் மேல் பிளாக் அடுக்கவே அடுக்காதீர்கள். ஸ்டீயரிங் உள்ள முன் ஆக்சிலில் பட்டை இருக்கிற வண்டிகளில் முன்னால் பிளாக் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மலைப்பாதை

மிக்க நன்றி. பிளாக்குக்குப் பதில், பட்டையின் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கும் சாக்கிளை நீளமாகப் போட்டால் யூ போல்ட் வேலையே இல்லையே, அது எப்படி?

கிராஸ் ஜாயிண்ட்

சாக்கிளில் கூட்டியதில் பாதிதான் சக்கரத்துக்கு வரும். 50 மில்லி வேண்டுமானால் சாக்கிளை 100 மில்லி நீட்ட வேண்டும். அவ்வளவு நீள சாக்கிள் வளைவில் பக்கவாட்டில் ஆடும். பட்டையின் பின்முனை மட்டும் இறங்குவதால் ஆக்சிலே சுழன்று பினியன் கோணமும் மாறும். 10, 12 மில்லி திருத்தத்துக்கு வேண்டுமானால் சாக்கிள் சரி.

ஸ்பேனர் 19

மாட்டுற முறைய யாரும் சொல்லலையே, நான் சொல்றேன்.

முந்தின நாளே யூ போல்ட் மரைய கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, துரு இளக்குற ஆயில் அடிச்சு விடுங்க. மறுநாள் மறுபடி ஒரு தடவை.

காங்கிரீட் தரை வேணும். முன்சக்கரம் ரெண்டுக்கும் முன்னாலயும் பின்னாலயும் கட்டை போடுங்க. ஹேண்ட்பிரேக்க நம்பாதீங்க, அது பின்சக்கரத்தத்தான் பிடிக்கும், அந்தச் சக்கரம்தான் மேல இருக்கப்போகுது. வீல் நட்ட தரையிலயே இளக்கிட்டு, டிஃபரன்ஷியலுக்கு அடியில ஜாக்கி கொடுத்துத் தூக்குங்க. ஸ்டாண்டு ரெண்டும் சேசிஸுக்கு அடியில, பட்டையோட முன் பிராக்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னால நிக்கணும். ஆக்சிலுக்கு அடியில ஸ்டாண்டு வெச்சா ஆக்சில இறக்க முடியாது. வண்டி ஸ்டாண்டுல உக்காந்தப்புறம் கையால பலமா ஆட்டிப் பாத்துட்டு உள்ள போங்க.

சக்கரத்தக் கழட்டுங்க. ஷாக்கோட கீழ் போல்ட் ரெண்டையும் எடுங்க. பிரேக் ஹோஸ் கிளிப், ஏ.பி.எஸ். ஒயர் கிளிப், டிஃபரன்ஷியல் மூச்சுக்குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் பிடி, எல்லாத்தையும் விடுவிச்சுடுங்க. ஆக்சில் இறங்கும்போது எதுவும் இழுபடக் கூடாது, ஹோஸ்ல ஆக்சில் தொங்கவே கூடாது.

அப்புறம் ஒரு நேரத்துல ஒரு பக்கம். ரெண்டு பக்கத்தையும் ஒரே சமயத்துல கழட்டினா ஆக்சில் ஜாக்கி மேல உருண்டுடும். மறுபக்க யூ போல்ட் நட்ட முழுசா எடுக்காம மரையோட கடைசி வரைக்கும் இளக்கி மட்டும் விடுங்க. பினியன் மூக்குக்கு அடியில இன்னொரு சின்ன ஜாக்கி இருக்கட்டும், ஷாஃப்ட் கனத்துல மூக்கு கீழ சாயப் பாக்கும்.

இந்தப் பக்கத்து யூ போல்ட்டையும் அடித்தகட்டையும் எடுத்துட்டு ஜாக்கிய மெதுவா 60, 70 மில்லி இறக்குங்க. ஆக்சில் மேடையில இருக்கிற துருவையும் மண்ணையும் சுத்தமாச் சுரண்டுங்க, துளைக்குள்ளயும் விரல விட்டுப் பாருங்க. பிளாக்க அதோட முளை (பின்) கீழ வர்ற மாதிரி மேடைத் துளையில இறக்குங்க. ஜாக்கிய ஏத்துங்க, சென்டர் போல்ட் தலை பிளாக் துளைக்கு நேரா வந்து உள்ள இறங்கணும். ஒத்து வரலைன்னா ஆக்சில கடப்பாரையால முன்ன பின்ன நகத்தலாம், சுத்தியல் வேண்டாம்.

உக்காந்ததும் நாலு பக்கமும் டார்ச் அடிச்சுப் பாருங்க. பட்டைக்கும் பிளாக்குக்கும் நடுவுல, பிளாக்குக்கும் மேடைக்கும் நடுவுல வெளிச்சம் தெரியவே கூடாது. 0.1 மில்லி ஃபீலர் கேஜ் எந்த மூலையிலயும் நுழையலைன்னா அடுத்த வேலைக்குப் போங்க. மேல பட்டறைக்காரர் சொன்ன போல்ட் தலைச் சிக்கல் இருந்தா இங்கயே பிடிபட்டுடும்.

புது யூ போல்ட்ட மாட்டி நாலு நட்டையும் கையால ஓட்டுங்க. குறுக்கும் நெடுக்குமா, மூலைக்கு மூலை, 30, 60, கடைசி அளவுன்னு மூணு சுத்துல ஏத்துங்க. நாலு கால்லயும் நட்டுக்குக் கீழ நீட்டுற மரை ஒரே அளவா இருக்கணும். வித்தியாசம் இருந்தா அடித்தகடு சாஞ்சிருக்கு, இளக்கிட்டு மறுபடி பிடிங்க. கடைசி அளவுக்கு உங்க வண்டியோட மேனுவல் எண்தான். பொதுக்கணக்குல 8.8 தரத்துக்கு 12 மில்லி நெருக்க மரைக்கு 90 நியூட்டன் மீட்டர், 14 மில்லி நெருக்க மரைக்கு 145 சுமாரா வரும். மேனுவல் எண் வேறயா இருந்தா அதையே எடுத்துக்குங்க. கன் வெச்சுக் கடைசி இறுக்கு இறுக்காதீங்க, ஒரு காலுக்கு ஏறும், இன்னொரு காலுக்கு ஏறாது.

ரெண்டு பக்கமும் முடிஞ்சு, சக்கரம் மாட்டி, வண்டி தன் எடையில தரையில நின்னப்புறம் மறுபடி ஒரு தடவை நாலு நாலா டார்க் பாருங்க. ஷாக்கோட ரப்பர் புஷ் போல்ட்டையும் தரையில நிக்கும்போதுதான் இறுக்கணும், தொங்கும்போது இறுக்கினா புஷ் முறுக்கிக்கிட்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

100 கிலோமீட்டர்ல ஒரு டார்க், 500ல ஒண்ணு, 1,000ல ஒண்ணு. அப்புறம் ஒவ்வொரு சர்வீஸுக்கும். நட்டு மேலயும் அடித்தகட்டு மேலயும் பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வெச்சா கண்ணாலயே தெரியும்.

டிரம் பிரேக்

ஷாக், பிரேக் இரண்டையும் யாரும் தொடவில்லை. வண்டி நிற்பதும் இவற்றை வைத்துத்தான்.

ஷாக்: பிளாக் போட்டதும் சக்கரம் தொங்கும் நிலையில் ஆக்சில் முன்னைவிட 50 மில்லி கீழே போகும். பழைய ஷாக்குக்கு அவ்வளவு நீளம் இல்லாவிட்டால் ஷாக்கே கயிறு மாதிரி ஆக்சிலைப் பிடித்துத் தொங்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே பிஸ்டன் மோதும், கண் புஷ் கிழியும், கடைசியில் கம்பி பிடுங்கிக்கொண்டு வரும். கீழ் போல்ட் கழன்றிருக்கும்போதே பார்த்துவிடலாம்: ஆக்சிலை முழுக்கத் தொங்கவிட்டு மேல் கண்ணுக்கும் கீழ்ப் பிடிக்கும் நடுவே எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். ஷாக்கை முழுக்க நீட்டினால் வரும் நீளம் அதைவிட 20 மில்லியாவது அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீள ஷாக் வாங்கித்தான் ஆக வேண்டும். நீள ஷாக் வாங்கினால் அமுங்கும்போது அடி தட்டாதா என்றும் பார்க்க வேண்டும்.

பம்ப் ஸ்டாப்: சக்கரம் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் எதில் வந்து மோதுகிறது என்று பாருங்கள். பட்டையின் மேலோ யூ போல்ட் தலைத்தகட்டின் மேலோ மோதினால் பிளாக்கால் எதுவும் மாறாது. ஆக்சில் கூட்டின் மேலேயே மோதும் அமைப்பாக இருந்தால், இப்போது அது 50 மில்லி தாமதமாக மோதும். அதற்குள் பட்டை தன் எல்லையைத் தாண்டி வளைந்துவிடும். அங்கே ரப்பரை அதே அளவுக்கு இறக்க வேண்டும்.

பிரேக் ஹோஸ்: முழுக்கத் தொங்கும் நிலையில் கையால் பிடித்து ஆட்டினால் தளர்வு இருக்க வேண்டும். விறைத்திருந்தால் பிராக்கெட்டை இறக்குங்கள் அல்லது நீள ஹோஸ் போடுங்கள். ஏ.பி.எஸ். ஒயருக்கும் இதே சோதனை.

பலரும் மறப்பது சுமை உணரும் பிரேக் வால்வு. பிக்கப் வண்டிகள் பலவற்றில் சேசிஸில் ஒரு வால்வும் அதிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு கம்பியும் இருக்கும். சுமை ஏறி சேசிஸ் இறங்கினால் கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். பிளாக் போட்டு ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் தூரத்தைக் கூட்டிவிட்டால் வால்வு எப்போதும் வண்டி காலி என்றே நினைக்கும். அரை டன் ஏற்றியிருந்தாலும் பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், முழு வேலையும் முன் டிஸ்க்குக்குப் போகும். மலை இறக்கத்தில் முன் பிரேக் சூடேறி மங்குவது இதனால்தான். உங்கள் மாடலில் அந்தக் கம்பி இருக்கிறதா என்று ஆக்சில் மேல் தேடுங்கள். இருந்தால், ஆக்சில் பக்கத்து முனையைப் பிளாக் உயரத்துக்குச் சமமாக மேலே தூக்க ஒரு சிறு பிராக்கெட் போடுங்கள். கம்பியை வளைத்து ஒப்பேற்ற வேண்டாம். பிரேக் விநியோகத்தை ஏ.பி.எஸ். பார்த்துக்கொள்ளும் மாடல்களில் இந்தக் கம்பி இருக்காது.

ஹெட்லைட்டுக்கும் அலைன்மென்டுக்கும் சின்னக் கணக்கு. வி-கிராஸின் வீல்பேஸ் 3,095 மில்லி. முன்னால் மட்டும் 40 மில்லி தூக்கியதால் வெளிச்சம் 10 மீட்டர் தூரத்தில் 13 சென்டிமீட்டர் மேலே ஏறியிருக்கும். எதிரே வருபவர்கள் சிக்னல் கொடுப்பது நியாயம்தான். பின்னால் 50 தூக்கினால் அது 16 சென்டிமீட்டர் இறங்கும், மொத்தத்தில் பழைய இடத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும். நடுவில் ஹெட்லைட்டைத் திருகி இறக்கியிருந்தால் திரும்ப ஏற்ற வேண்டும். காஸ்டரும் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) அப்படியே: பின்பக்கம் 50 மில்லி ஏறினால் கிட்டத்தட்ட ஒரு டிகிரி குறையும். ஆகவே முன்பக்க அலைன்மென்டை பிளாக் வேலை முடிந்த பிறகு செய்யுங்கள். முன்னாலேயே செய்தால் காசு வீண்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸில் கேள்வி வரும். வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

மலைப்பாதை

அளவெடுத்துவிட்டேன். ஹப்பிலிருந்து மட்கார்டு வரை, கேனப்பியோடு: இடது 525, வலது 520. கேனப்பியும் 250 கிலோ சாமானும்: இடது 455, வலது 450. மெயின் பட்டை கேனப்பியோடு நிற்கும்போதே நேர்கோடாக இருக்கிறது. விரிசல் எதுவும் இல்லை. பிரேக் வால்வுக் கம்பி என் வண்டியில் இல்லை. ஷாக் முழுக்க நீட்டிய நீளம் தொங்கும் அளவைவிட 35 மில்லிதான் அதிகம்.

பட்டைப் பட்டறை

அப்படியானால் 50 மில்லி பிளாக் வேண்டாம். 250 கிலோவுக்கு 70 மில்லி இறக்கம், அதாவது ஒரு பக்கப் பட்டை மில்லிக்கு 1.8 கிலோதான் தாங்குகிறது. பட்டையும் நேராகிவிட்டது. 50 மில்லி பிளாக் வைத்தாலும் சுமையோடு நேர்ப்பட்டை எதிர்ப்பக்கம் வளையும், கிராஸ் ஜாயிண்ட் சொன்ன முறுக்கும் அதிகமாகும். ஷாக் கணக்கும் இடிக்கிறது, 35ல் 50 போனால் ஷாக்தான் தொங்கும்.

பட்டை அடுக்கை இறக்கி, உங்கள் அடுக்கின் அகலத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேருங்கள். மெயின் பட்டைக்கு அடுத்த நீளமுள்ளதாக, இப்போதிருப்பதைவிட வளைவு அதிகமாக இருக்கட்டும். பழைய பட்டைகளைக் குளிர்ந்தபடியே சுத்தியலால் அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள், அது சில மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிடும். சூடேற்றி எண்ணெயில் முக்கி மறுபடி டெம்பர் செய்யும் உலை உள்ள பட்டறையாக இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் வளைவு ஏற்றாமல் கூடுதல் பட்டை மட்டும் போதும். புதுப் பட்டை அடுக்கே வாங்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

அதற்குக் கீழே 25 மில்லி பிளாக் ஒன்று. தொங்கும் நிலையில் 25 மில்லியும் கூடுதல் பட்டையின் வளைவால் வரும் சொற்பமும் சேர்ந்தால் 35 மில்லி மீதத்தில் ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துவிடும். அதனால் டிரம் பிரேக் சொன்ன 20 மில்லி மிச்சத்துக்காக 30 மில்லி நீளமான ஷாக்கையும் சேர்த்தே வாங்குங்கள்.

யூ போல்ட்டின் நீளத்துக்கு இப்போது இரண்டைக் கூட்ட வேண்டும்: பிளாக் 25, கூடுதல் பட்டையின் தடிமன் 8 என்றால் 33 மில்லி. சென்டர் போல்ட்டும் 8 மில்லி நீளமாக, 8.8 தரத்தில் புதியது. அதன் தலை கீழே, நட்டு மேலே. நட்டு இறுகிய பிறகு மிச்ச மரையை அறுத்துவிடுங்கள், மேல்தகட்டில் இடிக்கக் கூடாது. அறுத்த முனையில் ஒரு சென்டர் பஞ்ச் அடித்து வைத்தால் நட்டு கழலாது. பட்டை அடுக்கை ஏற்றுவதற்கு முன் புதிய போல்ட்டின் தலை உயரத்தை வெர்னியரில் பார்த்து லேத்காரரிடம் சொல்லுங்கள், பிளாக்கை அதற்குப் பிறகு குடையட்டும். பழைய போல்ட்டின் தலையை வைத்துக் குடைந்த பிளாக் புதிய போல்ட்டுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இடது வலது 5 மில்லி வித்தியாசத்தைப் பிளாக்கில் சரிசெய்யப் போகாதீர்கள். டேங்கும் டிரைவரும் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து அந்த அளவு எப்போதும் இருக்கும்.